சிலிக்கான் மேல் எஸ்-லேயர் படலம் சரியாக வரவில்லையா? அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழி

பாக்டீரியாக்கள் பலவற்றின் மேல், ஒரே வகைப் புரதம் வரிசை பிசகாமல் அடுக்கி நிற்கும் உறை ஒன்று உண்டு. அதைத்தான் எஸ்-லேயர் என்கிறோம். அந்தப் புரதத்தைச் செல்லிலிருந்து பிரித்துக் கரைசலாக்கி, சுத்தமான சிலிக்கான் துண்டின் மேல் கால்சியத்தோடு விட்டுவைத்தால், பழைய வரிசையைத் தானாகவே திரும்பக் கட்டிவிடும். வியன்னாவில் உவே ஸ்லைட்டர், டீட்மார் பூம் ஆகியோரின் குழு பல பத்தாண்டுகளாக இதில் வேலை செய்து, மற்ற ஆய்வகங்களும் செய்து பார்க்கும் அளவுக்குச் செய்முறையை எளிதாக்கியது. செய்முறை அரைப் பக்கத்துக்குள் அடங்கிவிடும். முதல்முறை செய்கிறவர்கள் அந்த அரைப் பக்கத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

இங்கே எடுத்துக்கொண்டிருப்பது எஸ்பிபிஏ என்ற ஒரே புரதம். லைசினிபாசில்லஸ் ஸ்பெரிக்கஸ் சி.சி.எம். 2177 என்ற பாக்டீரியாவிலிருந்து வருவது. சதுர அணிக்கோவை (மூலக்கூறுகள் சதுரக் கட்டங்களாக அடுக்கி நிற்கும் அமைப்பு), ஒரு கட்டத்தின் பக்கம் 13.1 நானோமீட்டர், ஒரு கட்டத்துக்கு நான்கு மூலக்கூறுகள். ஸ்ட்ரெப்டவிடின், அனெக்சின் ஏ5 போன்ற வேறு புரதங்களை வைத்து லிப்பிட் (கொழுப்பு) மேல் படலம் கட்டுகிறவர்களும் இதே வரிசையில் சோதிக்கலாம். எண்கள் மட்டும் மாறும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புரதம் தன் வேலையைச் செய்யத் தெரிந்ததுதான். கோளாறு பெரும்பாலும் அதற்கு முன்னால், அதாவது கரைசலிலும் பரப்பிலும் இருக்கும். இல்லையென்றால் அதற்குப் பின்னால், கழுவுவதிலும் படமெடுப்பதிலும் இருக்கும். ஆனால் படம் சரியில்லை என்றதும் எல்லோரும் கைவைப்பது நடுவில் இருக்கும் படிகமாதல் படியில்தான். கால்சியத்தைக் கூட்டுவார்கள், பி.எச்.-ஐ மாற்றுவார்கள், வெப்பநிலையை மாற்றுவார்கள். மூன்றையும் ஒரே நாளில் மாற்றினால், பிறகு எது எதனால் நடந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு அடிப்படைச் செய்முறை

செல் சுவரை 5 மோலார் குவானிடீன் ஹைட்ரோகுளோரைடில் வைத்துப் புரதத்தைப் பிரிக்கிறோம். பிறகு 4 டிகிரியில் சுத்தமான தண்ணீருக்கு எதிராக டயாலிசிஸ் (சவ்வுப் பை வழியாகக் குவானிடீனை வெளியேற்றுவது). டயாலிசிஸ் முடிந்ததும் வேகமாகச் சுழற்றி, அடியில் தங்குவதை விட்டுவிட்டு மேலே நிற்கும் தெளிந்த நீரை மட்டும் எடுக்கிறோம். மோனோமர் கரைசல் (மூலக்கூறுகள் தனித்தனியாக நிற்கும் கரைசல்) என்பது அதுதான். அதை 4 டிகிரியில் வைத்து, சில நாட்களுக்குள் தீர்த்துவிட வேண்டும்.

படலத்துக்கு: 0.5 மில்லிமோலார் டிரிஸ் (பி.எச்.-ஐ நிலையாக வைக்கும் பஃபர்), பி.எச். 9, 10 மில்லிமோலார் கால்சியம் குளோரைடு, புரதம் மில்லிலிட்டருக்கு 0.1 மில்லிகிராம். அறை வெப்பநிலையில் சில மணி நேரம். வசதி இருந்தால் இரவு முழுக்க. பிறகு புரதம் இல்லாத அதே பஃபரால் கழுவி, ஈரம் காயாமல் ஏ.எஃப்.எம்.-க்கு (கூரிய முனையால் பரப்பைத் தடவிப் படமெடுக்கும் நுண்ணோக்கிக்கு) கொண்டுபோக வேண்டும்.

எதையும் மாற்றுவதற்கு முன்: கீறிப் பாருங்கள்

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: பரப்பின் மேல் படலம் இருக்கிறதா, இல்லையா? கட்டம் தெரியவில்லை என்பதற்கும் படலமே இல்லை என்பதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு. படத்தைக் கண்ணால் பார்த்து இதைச் சொல்ல முடியாது. படலம் முழுப் பரப்பையும் ஒரே சீராக மூடியிருந்தால், அதுவும் வெறும் சிலிக்கானைப் போலத் தட்டையாகத்தான் தெரியும்.

ஏ.எஃப்.எம். முனையைக் கான்டாக்ட் முறையில் வைத்து, விசையைச் சில நானோநியூட்டனுக்கு ஏற்றுங்கள். 500 நானோமீட்டர் பக்கமுள்ள ஒரு சதுரத்தை இரண்டு மூன்று தடவை ஓட்டுங்கள். பிறகு விசையைப் பழையபடி இறக்கி, 2 மைக்ரோமீட்டர் அகலத்துக்கு விரித்துப் படமெடுங்கள். நடுவில் சதுரக் குழி விழுந்திருந்தால் படலம் இருக்கிறது. சுரண்டிய புரதம் இரண்டு ஓரங்களிலும் கரையாகக் குவிந்திருப்பதும் தெரியும். குழியின் ஆழம் 9 நானோமீட்டர் அளவில் இருந்தால் ஒற்றைப் படலம். 15 அளவில் இருந்தால் இரட்டை. 9-க்கு வெகு குறைவாக இருந்தால், படமெடுக்கும் விசையே படலத்தை நசுக்குகிறது, அல்லது அங்கே படிந்திருப்பது ஒழுங்கில்லாமல் சுருண்ட புரதம். குழியே விழவில்லையென்றால் விசையை இன்னும் கொஞ்சம் ஏற்றி ஒருமுறை பாருங்கள். அப்போதும் இல்லையென்றால் படலம் இல்லை.

ஐந்து நிமிட வேலை. இதைச் செய்யாமல் கீழே உள்ள எதையும் படிக்க வேண்டாம் என்றுகூடச் சொல்வேன்.

அறிகுறி 1: கீறினால் குழியே விழவில்லை

புரதம் போதவில்லை என்ற சந்தேகம்தான் முதலில் வரும். ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு மூலக்கூறின் எடை சுமார் 130 கிலோடால்டன். 13.1 நானோமீட்டர் பக்கமுள்ள சதுரத்தில் நான்கு மூலக்கூறு. அப்படியானால் ஒரு சதுர சென்டிமீட்டரை ஒற்றைப் படலமாக மூடத் தேவைப்படுவது சுமார் 500 நானோகிராம், அதாவது அரை மைக்ரோகிராம். நீங்கள் விட்டிருப்பதோ 300 மைக்ரோலிட்டரில் 30 மைக்ரோகிராம். தேவையைப்போல் அறுபது மடங்கு. அளப்பதில் பாதிக்குப் பாதி பிசகியிருந்தால்கூட புரதம் தீர்ந்துபோகாது.

ஆகவே பார்க்க வேண்டியது வேறு. முதலாவது, மோனோமர் கரைசலில் உண்மையிலேயே புரதம் இருக்கிறதா? டயாலிசிஸ் பையிலேயே பெரும்பகுதி கட்டிதட்டி, சுழற்றியபோது அடியில் போய், நீங்கள் மேலே எடுத்தது வெறும் தண்ணீராக இருக்கலாம். 280 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சலை, சுழற்றுவதற்கு முன் ஒருமுறையும் சுழற்றிய பின் ஒருமுறையும் அளந்தால் தெரிந்துவிடும். அடியில் தங்கியதைக் கொட்ட வேண்டாம்; மறுபடி குவானிடீனில் கரைத்து, மறுபடி டயாலிசிஸ் செய்யலாம். இந்தப் புரதம் அதைத் தாங்கும்.

இரண்டாவது, குவானிடீன் முழுசாகப் போகவில்லை. அது மிச்சமிருக்கும் வரை மூலக்கூறுகள் ஒன்றையொன்று பிடிக்காது. டயாலிசிஸ் வெளிநீரின் மின்கடத்துதிறனை அளந்தால் போதும். கடைசியாக மாற்றிய நீரும் புது நீரும் ஒரே அளவு காட்டும்வரை மாற்றிக்கொண்டே இருங்கள்.

மூன்றாவது, துண்டின் மேல் சோப்போ டிவீன் போன்ற டிடர்ஜென்டோ ஒட்டியிருக்கிறது. புரதம் ஒட்டாமலிருக்கவென்றே டிவீனைப் பயன்படுத்துகிறார்கள். இங்கேயும் அது தன் வேலையைச் செய்துவிடும். முன்பு வேறு வேலைக்கு ஓடிய கண்ணாடிக் கிண்ணத்தில் வேஃபரை (சிலிக்கான் துண்டை) கழுவினால் இது நடக்கும். எஸ்-லேயருக்கென்று தனிக் கிண்ணம் வைத்துக்கொள்வது நல்லது.

அறிகுறி 2: குழி விழுகிறது, ஆனால் கட்டம் தெரியவில்லை

அதிகம் வருவது இதுதான். இதற்குத்தான் அதிக நேரமும் வீணாகிறது. இரண்டாகப் பிரித்துப் பாருங்கள்: கட்டம் இருந்தும் உங்களுக்குத் தெரியவில்லையா, அல்லது கட்டமே உருவாகவில்லையா?

முதலில் தெரியாமல் போகும் காரணங்கள். படத்தின் அகலத்தையும் புள்ளிகளின் எண்ணிக்கையையும் பாருங்கள். 5 மைக்ரோமீட்டர் படத்தை 256 புள்ளிகளில் எடுத்தால் ஒரு புள்ளிக்கு 19.5 நானோமீட்டர் ஆகிறது. கட்டமே 13.1 நானோமீட்டர்தான், அந்தப் படத்தில் கட்டம் தெரிய வழியே இல்லை. அதைவிட மோசம், சில சமயம் புள்ளிகளின் இடைவெளியும் கட்டத்தின் இடைவெளியும் ஒன்றோடொன்று மோதி, இல்லாத ஒரு பெரிய கட்டத்தைக் காட்டும். அதைப் புதுக் கண்டுபிடிப்பு என்று நினைத்துவிடக் கூடாது. 1 மைக்ரோமீட்டர் படத்தை 512 புள்ளிகளில் எடுங்கள்; ஒரு கட்டத்துக்கு ஆறேழு புள்ளி கிடைக்கும். பிறகு ஃபூரியர் உருமாற்றம் (திரும்பத் திரும்ப வரும் இடைவெளிகளைப் புள்ளிகளாகக் காட்டும் கணக்கு) போட்டுப் பாருங்கள். நேரடிப் படத்தில் மங்கலாக இருப்பதுகூட அங்கே 13 நானோமீட்டருக்கான இடத்தில் நான்கு புள்ளிகளாக எழும். கண்ணை நம்புவதைவிட இதை நம்பலாம்.

அப்புறம் விசை. 0.1 நியூட்டன்/மீட்டர் விறைப்புள்ள கேண்டிலீவர் (முனையைத் தாங்கும் மெல்லிய தகடு) 1 நானோமீட்டர் வளைந்தால் 100 பைகோநியூட்டன். இந்த அளவில் எடுத்தால் கட்டம் நன்றாகத் தெரியும். 500-ஐத் தாண்டினால் மங்கும். ஆனால் நீங்கள் வைத்த விசை அப்படியே நிற்பதில்லை. லேசர் சூடேற ஏற, திரவம் ஆவியாக ஆக, கேண்டிலீவர் தானாகவே வளையும். திரையில் 100 என்று இருக்கும், உண்மையில் 400 ஆகியிருக்கும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை முனையைப் பரப்பிலிருந்து தூக்கி, பூஜ்யத்தைச் சரிசெய்துவிட்டு மறுபடி இறக்குங்கள். படமெடுக்கும் திரவத்தில் உப்பும் இருக்க வேண்டும். 100 மில்லிமோலார் சோடியம் குளோரைடு சேர்த்தால், முனைக்கும் படலத்துக்கும் இடையிலுள்ள நெடுந்தூர மின்விலக்கம் அடங்கி, முனை பரப்புக்கு அருகே போகும். வெறும் தண்ணீரில் எடுத்துவிட்டுக் கட்டம் இல்லை என்று சொல்வது நியாயமில்லை.

பரப்பின் கரடும் ஒரு காரணம். பாலிஷ் செய்த சிலிக்கான் வேஃபர் இதற்குச் சரியானது. ஆவியாக்கிப் பூசிய தங்கத்தின் மணிகள் பல பத்து நானோமீட்டர் அகலம் இருக்கும்; 13 நானோமீட்டர் கட்டம் அந்த மேடு பள்ளத்தில் காணாமல் போகும். தங்கம்தான் வேண்டுமென்றால், மைக்கா மேல் பூசி உரித்தெடுத்த தட்டையான தங்கத்தைப் பயன்படுத்துங்கள்.

இவையெல்லாம் சரியாக இருந்தும் ஃபூரியர் படத்தில் புள்ளிகள் எழவில்லை என்றால், கட்டம் உருவாகவில்லை என்று ஒப்புக்கொள்ளலாம். இனி வேதியியல் பக்கம் வருவோம்.

கால்சியம் இல்லாமல் எஸ்பிபிஏ கட்டம் கட்டாது. படியும், ஆனால் ஒழுங்கில்லாமல் படியும். கால்சியம் இல்லாமல் போவது எப்படி? ஈ.டி.டி.ஏ. (கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும் வேதிப்பொருள்) மேல் பழிபோடுவது வழக்கம். புரோட்டியேஸ் தடுப்பு மாத்திரைகள் பலவற்றில் அது இருப்பதும் உண்மை. ஆனாலும் கணக்குப் பாருங்கள். ஒரு ஈ.டி.டி.ஏ. ஒரு கால்சியத்தைத்தான் பிடிக்கும். மோனோமர் கரைசலில் 1 மில்லிமோலார் இருந்து, அதைப் பத்து மடங்கு நீர்க்கச் செய்தால், பிடிபடுவது 0.1 மில்லிமோலார். 10-இல் 0.1 போனால் ஒன்றும் ஆகாது. ஈ.டி.டி.ஏ. பிரச்சினையாவது கழுவும்போதுதான்: கால்சியமே இல்லாத, ஈ.டி.டி.ஏ. உள்ள பஃபரால் கழுவினால் கட்டியது கலையும்.

பாஸ்பேட்டுக்குத்தான் நிஜமாகப் பயப்பட வேண்டும். கை பழக்கத்தில் பி.பி.எஸ். (பாஸ்பேட் உள்ள வழக்கமான பஃபர்) எடுத்துக் கழுவிவிடுகிறார்கள். பாஸ்பேட் கால்சியத்தைப் பிடித்து வெள்ளைத் தூளாகப் படிய வைக்கும். கால்சியமும் போகும், படலத்தின் மேல் குப்பையும் விழும். இந்த வேலை நடக்கும் மேசையில் பி.பி.எஸ். பாட்டிலே இருக்கக் கூடாது.

கால்சியம் குளோரைடை எடைபோடும்போது டைஹைட்ரேட்டா நீரற்றதா என்று பாருங்கள். மூலக்கூறு எடை 147-க்கும் 111-க்கும் உள்ள வித்தியாசம். மாற்றிப் போட்டிருந்தால் 10-க்குப் பதில் 7.5 வரும், அதனால் மட்டும் படலம் கெடும் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் மூடி திறந்தே கிடந்து ஈரம் குடித்த புட்டியிலிருந்து எடுத்தால் எவ்வளவு போட்டோம் என்பதே தெரியாது.

பி.எச். விஷயம் கொஞ்சம் நுணுக்கமானது. 0.5 மில்லிமோலார் டிரிஸ் என்பது பேருக்குத்தான் பஃபர். காற்றிலுள்ள கார்பன் டைஆக்சைடு கரையக் கரைய பி.எச். இறங்கும். நேற்றுத் தயாரித்து மூடாமல் வைத்த பாட்டிலில் இன்று 9 இருக்காது. டிரிஸுக்கு வெப்பநிலையும் ஒத்துக்கொள்ளாது. ஒரு டிகிரி குறைந்தால் பி.எச். சுமார் 0.03 ஏறும். 25 டிகிரியில் 9 வைத்ததை 4 டிகிரி அறைக்குக் கொண்டுபோனால் 9.6-ஐ ஒட்டி நிற்கும். கால்சியம் சேர்த்த பிறகு, வேலை நடக்கும் வெப்பநிலையில், அன்றன்றைக்கே அளந்துவிடுங்கள்.

இத்தனையும் சரி என்றால் மிச்சமிருப்பது நேரம். எஸ்பிபிஏ வந்தவுடனே வரிசையில் உட்காருவதில்லை. லிப்பிட் படலத்தின் மேல் இதை ஏ.எஃப்.எம்.-இல் நேரடியாகப் பார்த்து 2010-இல் வெளியிட்ட ஆய்வு, மூலக்கூறுகள் முதலில் ஒழுங்கில்லாத சிறு திட்டுகளாகச் சேர்ந்து, பிறகே அந்தத் திட்டுக்குள் வரிசை பிறப்பதைக் காட்டியது. ஆகவே அரை மணி நேரத்தில் பார்த்தால் திட்டுதான் தெரியும். இரண்டு வருடம் கழித்து மைக்கா மேல் நடந்த ஆய்வில் இன்னொன்று தெரிந்தது: சில திட்டுகள் நேராகக் கடைசி நிலைக்குப் போகின்றன, சில, நடுவில் ஒரு நிலையில் சிக்கிக்கொண்டு வெகுநேரம் அங்கேயே நிற்கின்றன. ஒரே துண்டில் நன்றாக வந்த இடமும் அரைகுறை இடமும் அக்கம்பக்கமாக இருந்தால், கரைசலைக் குறை சொல்வதற்கு முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள். அதே துண்டை அதே கரைசலில் இன்னும் சில மணி நேரம் விட்டுப் பாருங்கள். நிலைமை மேம்பட்டால் காரணம் நேரம். அப்படியே நின்றால் புரதம் பழசாகியிருக்கலாம். புதிதாக டயாலிசிஸ் செய்யுங்கள்.

அறிகுறி 3: கட்டம் இருக்கிறது, ஆனால் துண்டு துண்டாக

படலம் ஒரே படிகமாக வளர்வதில்லை. பரப்பில் பல இடங்களில் ஒரே நேரத்தில் தொடங்கி, பக்கவாட்டில் பரந்து, பக்கத்துத் திட்டை முட்டியதும் நிற்கிறது. ஆகவே எல்லைக்கோடுகள் இருக்கத்தான் செய்யும். எவ்வளவு சின்னத் துண்டுகள் என்பதுதான் கேள்வி.

நீர்வெறுக்கும் பரப்பில் புரதம் வேகமாக ஒட்டும், தொடக்கப்புள்ளிகள் அதிகம், துண்டுகள் சிறியவை. நீர்விரும்பும் பரப்பில் மெதுவாக வளர்ந்து துண்டுகள் பெரிதாகும். துண்டு பெரிதாக வேண்டுமென்றால் பரப்பை மாற்றுங்கள். பிறகு புரதச் செறிவைப் பாதியாக்கிப் பாருங்கள். தொடர்பு கோணத்தை அளக்கக் கருவி இல்லாவிட்டாலும் பரவாயில்லை. பிளாஸ்மாவில் சுத்தம் செய்த வேஃபரில் விட்ட சொட்டுத் தண்ணீர் அப்படியே விரிந்து படிய வேண்டும். சிலேன் (பரப்பின் தன்மையை மாற்றும் வேதிப்பூச்சு, இங்கே நீர்வெறுக்கும் வகை) பூசியதில் குண்டாக நின்று உருள வேண்டும். இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஒரு மாதிரி உட்கார்ந்தால் பரப்பு அழுக்கு என்று அர்த்தம். பிளாஸ்மாவின் பலன் நிற்காது. ஆய்வகக் காற்றிலுள்ள எண்ணெய்ப்பசை படியப் படியக் கோணம் ஏறும். காலையில் பிளாஸ்மா கொடுத்து, சாப்பிட்டுவிட்டு வந்து பயன்படுத்தினால் அது வேறு பரப்பு.

ஒன்று: உங்கள் தேவைக்குப் பெரிய துண்டு வேண்டுமா என்று யோசியுங்கள். புரதம் ஒட்டாத பூச்சாகவோ ஆன்டிபாடி தாங்கும் தளமாகவோ பயன்படுத்தப் போகிறீர்கள் என்றால் எல்லைக்கோடுகள் பெரிய இடைஞ்சல் இல்லை.

அறிகுறி 4: தடிமன் 15 நானோமீட்டர்

கோளாறு என்று சொல்ல முடியாது. நீர்விரும்பும் சிலிக்கானில் எஸ்பிபிஏ இரட்டைப் படலமாக வருவது தெரிந்த விஷயம். நீர்வெறுக்கும் பரப்பில் 9 நானோமீட்டர் ஒற்றைப் படலம் வரும். ஒற்றைதான் வேண்டும் என்றால் சிலேன் பூசுங்கள். துண்டுகள் சிறியதாவதை ஏற்றுக்கொள்ளுங்கள். இரண்டும் ஒருசேரக் கிடைப்பது கஷ்டம்.

அறிகுறி 5: படம் முழுக்க வெள்ளைப் புள்ளிகள்

எங்கிருந்து வந்தவை என்று பிரித்தறிய, புரதம் சேர்க்காத வெற்றுத் துண்டு ஒன்றை எல்லாப் படியிலும் கூடவே ஓட்டுங்கள். இது இல்லாமல் வெள்ளைப் புள்ளியைப் பற்றிப் பேசுவதில் அர்த்தம் இல்லை.

வெற்றுத் துண்டிலும் இருந்தால்: சிலேன் பூசும்போது ஈரம் புகுந்து சிலேன் தனக்குத்தானே பின்னிக்கொண்ட உருண்டைகளாக இருக்கலாம், டொலுயீனை உலர்த்திப் பயன்படுத்துங்கள், பூசிய பிறகு புது டொலுயீனில் அல்ட்ராசோனிக் தொட்டியில் கழுவுங்கள். இல்லையென்றால் கால்சியம் கார்பனேட். பி.எச். 9, கால்சியம், காற்றிலிருந்து கார்பன் டைஆக்சைடு: சுண்ணாம்பு உருவாகத் தேவையான எல்லாம் அங்கேயே இருக்கிறது. இரவு முழுக்கத் திறந்து வைத்தால் கூர்மையான முகங்களோடு படிகங்கள் விழும். மூடி வையுங்கள், பஃபரைக் கொதிக்கவைத்து ஆறிய நீரில் தயாரியுங்கள்.

புரதம் உள்ள துண்டில் மட்டும் இருந்தால், அவை கரைசலிலேயே கட்டிய தாள்களும் குழல்களும். இந்தப் புரதத்துக்குப் பரப்பு வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கால்சியத்தைக் கண்டால் நடுத்தண்ணீரிலேயே கட்ட ஆரம்பித்துவிடும். ஆகவே புரதத்தையும் கால்சியத்தையும் ட்யூபில் கலந்துவைத்துவிட்டுப் பிறகு துண்டைத் தேடக் கூடாது. முதலில் துண்டின் மேல் பஃபர், பிறகு அதில் மோனோமர். மோனோமரை எடுப்பதற்குச் சற்று முன் மறுபடி ஒருமுறை சுழற்றுங்கள். 350 நானோமீட்டரில் ஒளியளவு பாருங்கள். புரதம் அங்கே உறிஞ்சாது, ஆகவே எண் ஏறியிருந்தால் அது சிதறல், கட்டி இருக்கிறது என்று பொருள்.

அறிகுறி 6: கிழிசல், மடிப்பு, ஒன்றின் மேல் ஒன்று ஏறிய தாள்கள்

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. எஸ்பிபிஏ, சிலிக்கானில் மட்டுமல்ல, திரவமும் காற்றும் சந்திக்கும் மேல்பரப்பிலும் படலம் கட்டும். காய்ச்சிய பாலின் மேல் ஆடை படிவதுபோல, உங்கள் கிண்ணத்தின் மேற்பரப்பிலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு புரத ஆடை இருக்கும். துண்டை இடுக்கியால் பிடித்து வெளியே இழுத்தால், அந்த ஆடையைக் குத்திக் கிழித்துக்கொண்டு வரும். கீழே அருமையாக வளர்ந்த படலத்தின் மேல் கிழிந்த தாள் போர்த்திக்கொள்ளும். படத்தில் மடிப்பும் இரட்டைத் தடிமனும் திட்டுத்திட்டாகத் தெரிந்தால் இதுதான் கதை.

துண்டை வெளியே எடுக்காதீர்கள். புரதமில்லாத பஃபரை ஒரு பக்கம் மெதுவாக விட்டு, மேற்பரப்பில் இருப்பதை மறுபக்கம் பிப்பெட்டால் உறிஞ்சுங்கள். துண்டின் மேல் எப்போதும் சில மில்லிமீட்டர் திரவம் நிற்க வேண்டும். கிண்ணத்தின் மொத்தக் கொள்ளளவைப்போலப் பத்து மடங்காவது பஃபர் ஓட வேண்டும். க்யூ.சி.எம். (அதிரும் படிகத்தின் அதிர்வெண் மாற்றத்தால் நிறையை அளக்கும் கருவி) அறையிலோ பாய்வு அறையிலோ செய்கிறவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. அவர்களுக்குக் காற்றுக்குமிழிதான் எதிரி. குமிழி கடந்துபோன இடத்தில் வட்டமாகப் படலம் பெயர்ந்திருக்கும்.

கோடுகோடாக நீண்ட விரிசல்கள் வேறு வகை. அவை உலர்ந்ததால் வருபவை. நைட்ரஜன் ஊதிக் காயவைத்த துண்டில் கட்டத்தைத் தேடி வருத்தப்பட வேண்டாம். எஸ்.ஈ.எம்.-க்காக (எலக்ட்ரான் நுண்ணோக்கிக்காக) உலர்த்தியே ஆக வேண்டும் என்றால், குளூட்டரால்டிஹைடால் குறுக்குப்பிணைப்புப் போட்ட பிறகு உலர்த்துங்கள். அதற்கு முன் டிரிஸை முழுசாக வெளியேற்ற வேண்டும். டிரிஸில் அமீன் இருக்கிறது. குளூட்டரால்டிஹைடு புரதத்தை விட்டுவிட்டு அதோடு வினைபுரியும். கால்சியம் சேர்த்த ஹெப்பஸ் என்ற பஃபருக்கு மாற்றிக் கழுவுங்கள். கார்பனேட்டும் பாஸ்பேட்டும் கூடாது. காரணம் மேலேயே சொன்னதுதான்.

அறிகுறி 7: முதல் ஸ்கேனில் அழகு, இரண்டாவதில் காணோம்

விசையைக் குறையுங்கள். அப்படியும் பெயர்ந்தால் திரவத்தில் கால்சியம் இருக்கிறதா என்று பாருங்கள். அதுவும் சரி என்றால் குறுக்குப்பிணைப்பு.

அறிகுறி 8: கட்டம் 13.1 இல்லை, சதுரமும் இல்லை

ஒரு திசையில் 12.4, மறு திசையில் 14, கோணம் 84 டிகிரி என்று வரும். புரதம் புது அணிக்கோவை எடுத்துவிட்டது என்று நினைக்க ஆசையாக இருக்கும். மேலிருந்து கீழே ஒரு படம், கீழிருந்து மேலே ஒரு படம் எடுங்கள். கோணம் எதிர்ப்பக்கம் சாய்ந்தால், நகர்ந்தது துண்டு. புரதம் பாவம் ஒன்றும் செய்யவில்லை. ஒரு மணி நேரம் விட்டு, வெப்பம் அடங்கிய பின் எடுங்கள். இரண்டு படத்திலும் ஒரே மாதிரி சாய்ந்தால் ஸ்கேனர் அளவுத்திருத்தம் தவறு. அணுக்கட்டம் 0.52 நானோமீட்டரான மைக்காவை வைத்துச் சின்ன அளவிலும், தரக்கட்டம் (இடைவெளி முன்பே தெரிந்த கட்டம்) ஒன்றை வைத்துப் பெரிய அளவிலும் சரிசெய்யலாம். ஸ்கேன் திசையை 90 டிகிரி திருப்பும்போது சாய்வு கட்டத்தோடு சேர்ந்து திரும்பினால் மட்டும், உங்களிடம் உண்மையிலேயே வேறு புரதம் இருக்கிறதா என்று யோசிக்கலாம். உதாரணமாக, ஜியோபாசில்லஸிலிருந்து வரும் எஸ்பிஎஸ்பி சாய்கட்டம்தான் கட்டும். உறைபெட்டியில் லேபிள் மாறிப்போவது நடக்காத காரியம் இல்லை.

அறிகுறி 9: க்யூ.சி.எம். காட்டும் நிறை மிக அதிகம்

மேலே போட்ட கணக்குப்படி வெறும் புரதம் சதுர சென்டிமீட்டருக்கு 500 நானோகிராம். 5 மெகாஹெர்ட்ஸ் படிகத்தில் ஒரு ஹெர்ட்ஸுக்கு 17.7 நானோகிராம் என்றால் சுமார் 28 ஹெர்ட்ஸ் இறங்க வேண்டும். ஆனால் அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு இறங்கும். பயப்பட வேண்டாம். எஸ்-லேயர் துளைகள் நிறைந்தது. துளையில் நிற்கும் தண்ணீரையும் க்யூ.சி.எம். சேர்த்துத்தான் எடைபோடுகிறது. நீர்விரும்பும் பரப்பென்றால் இரட்டைப் படலக் கணக்கும் சேரும். சிதறலிழப்பு (அதிர்வின் ஆற்றல் வீணாகும் அளவு) குறைவாக நின்றால் படலம் விறைப்பாக இருக்கிறது, நல்ல அறிகுறி. நிறையும் இழப்பும் நிற்காமல் ஏறிக்கொண்டே போனால், படலத்தின் மேல் கட்டிகள் விழுகின்றன. அறிகுறி 5-க்குப் போங்கள்.

அறிகுறி 10: கட்டம் அருமை, ஆனால் மேலே எதுவும் பிணையவில்லை

எஸ்பிபிஏ-வோடு ஸ்ட்ரெப்டவிடினையோ ஆன்டிபாடி பிடிக்கும் பகுதியையோ இணைத்துச் செய்த கலப்புப் புரதங்களில் வருவது இது. படலத்துக்கு இரண்டு முகம். செல்லில் வெளியே பார்க்கும் முகம் மின்சுமையில் ஏறக்குறைய நடுநிலை. உள்முகத்தில் எதிர்மின் சுமை அதிகம். இணைத்த பகுதி வெளிமுகத்தில் நீட்டிக்கொண்டிருக்கும்படி வடிவமைத்திருப்பார்கள். படலம் கவிழ்ந்து, வெளிமுகம் சிலிக்கானைப் பார்த்து உட்கார்ந்தால், அந்தப் பகுதி அடியில் மாட்டிக்கொள்ளும். ஏ.எஃப்.எம். படத்தில் இது தெரியாது. இரு பக்கமும் 13.1 நானோமீட்டர்தான்.

சோதிக்க, நேர்மின் சுமையுள்ள ஃபெரிட்டின் என்ற புரதத்தைப் படலத்தின் மேல் விட்டுப் பாருங்கள். வரிசையாக அப்பிக்கொண்டால் மேலே இருப்பது உள்முகம். திருப்பி உட்கார வைக்க வழி உண்டு. பாக்டீரியாவின் செல் சுவரிலேயே இந்தப் புரதத்தின் முன்முனை பிடித்துக்கொள்ளும் பாலிசாக்கரைடு ஒன்று இருக்கிறது. அதைப் பிரித்து, தயோல் சேர்த்து, தங்கத்தின் மேல் முதலில் ஒட்டவையுங்கள். பிறகு கலப்புப் புரதத்தை விட்டால், செல்லில் உட்காருவதுபோலவே உள்முகம் கீழே, வெளிமுகம் மேலே என்று உட்காரும். பாலிசாக்கரைடு கிடைக்காதவர்கள், வேறு வேறு சிலேன் பூசிய நான்கைந்து பரப்புகளில் ஒரே நாளில், ஒரே மோனோமரை விட்டு, எதில் பிணைப்பு அதிகம் என்று பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம். கட்டத்தின் அழகைப் பார்க்காமல், பிணைந்த அளவை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.